கல்பாத்தி தந்த அறிவியற் செல்வர்

பாறசாலையிலும் நெய்யாற்றங்கரையிலும் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரமே உயர்கல்விக்குரிய அண்மை நகரமாகும். அந்நகரில் நூறாண்டுகளுக்கு முன் பௌதிகம் பயிற்றிய தமிழறிஞர் டாக்டர் கே. ஆர். இராமநாதனின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் கூற விழைகின்றோம்.

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவர் தோன்றினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1914-இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் செய்முறை ஆசிரியராக அமர்ந்தார். ஆராய்ச்சி வேட்கை அவரை விடவில்லை. 1921-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா சென்று இராமனிடம் சேர்ந்தார்.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் யாது? நம் இல்லங்களில் உள்ள சமையல் வாயு, மண்ணெண்ணெய், மெழுகு ஆகியவை பெரும்பாலும் கரியும் நீரகமும் சங்கிலியாய்ப் பிணைந்த ஒரே குலத்துப் பொருள்களே. சங்கிலி குறுகின் வாயு; நீளின் நீர்மம்; மிக நீளின் மெழுகு. ஒரு பொருள் எப்போது நீர்மநிலை நீங்கி ஆவியாகும் என்பதைக் கணக்கினால் அறியும் வழியை ஹாலந்து அறிஞர் வாண்டர் வால்ஸ் 1873-இல் காட்டினார். மூலக்கூறுகள் இடத்தை அடைப்பன, ஒன்றையொன்று ஈர்ப்பன. இவ்விரண்டே அக்கணக்கின் அடிப்படை. குறிப்பிட்டதொரு வெப்பநிலையில் நீர்மத்துக்கும் ஆவிக்கும் வேற்றுமை மறையும். அவ்வேளை தெளிந்த பொருள் பால்போல் வெளுக்கும். மூலக்கூறுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் நிற்பதால் ஒளி சிதறுவதே காரணம் என ஸ்மோலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் கணித்தனர்.

ஈதர் என்னும் திரவத்துக்கு அவ்வெப்பநிலை சுமார் 194 டிகிரி. இராமநாதன் அதனை நீர்மமாகவும் ஆவியாகவும் சோதித்து, ஒளிச்சிதறலை அக்கோட்பாட்டோடு ஒப்பிட்டார். அக்கட்டுரை 1922-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது.

1923-இல் நீர்மங்களில் சிதறிய ஒளியினூடே வேறு நிறமுடைய மங்கலான ஒளியொன்றை அவர் கண்டார். மாசு காரணமாகலாம் என்று நீர்மத்தைப் பன்முறை தூய்மை செய்தும் அது மறையவில்லை. அதன் உண்மைப் பொருள் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாக வெளிப்பட்டது. அன்று இராமநாதனுக்கு 35 வயது நிறைந்த நாள்! பெருங்கண்டுபிடிப்பின் வாயில்வரை சென்ற அவர், அதற்குள் வேறு துறைக்குச் சென்றிருந்தார்.

ஆயினும் அவர் பணி குன்றவில்லை. இரங்கூனில் ஆசிரியராயிருந்தபின் 1925-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். மேல்வானில் மிகக் குளிர்ந்த காற்று துருவங்களின்மேல் இல்லை, நிலநடுக்கோட்டுப் பகுதியின்மேல் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது என்பதை 1929-இல் உலகுக்கு அறிவித்தார். 1948 முதல் 1966 வரை அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராய் விளங்கினார். ஓசோன் ஆராய்ச்சியில் உலகப்புகழ் பெற்றார். 1976-இல் பத்மவிபூஷண் விருது அவரை அடைந்தது. 1984 டிசம்பர் 31-இல் மறைந்தார்.

அவர் பிறந்தபோது கல்பாத்தி சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956-இல் கேரளத்தின் பகுதியாயிற்று. எல்லைக்கோட்டின் இப்பக்கம் வாழும் நமக்கு அவர் உறவினர் போன்றவர். கைக்கெட்டியது ஒன்று நழுவினும் அறிவுத்தேட்டத்தை நிறுத்தாத அம்மனவுறுதியை நம் மக்கள் பெறுவாராக!