ஆலன் டூரிங்கின் ஓதற்பிரிவு

தலைவன் இல்லம் விட்டுப் பிரிதற்குரிய காரணங்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியனார் ஓதலையே முதற்கண் வைத்தார். அங்ஙனம் கல்வியின்பொருட்டுப் பிரிந்தோன் மூன்றியாண்டினுள் மீளல் வேண்டும் என்றும் எல்லை வகுத்தார். இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவார்க்கு, கல்விக்காக வீட்டை நீங்குதல் தகும் என்பதும், கல்வி முடிந்தபின் வீட்டை மறத்தல் தகாது என்பதும் இனிது புலப்படும். இந்நாளில் கணிப்பொறியியல் பயிலும் மாணவர் பலர் தம் பட்டப்படிப்பின் ஓர் ஆண்டினை அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற் கழிக்கும் வாய்ப்பினைப் பெறுகின்றனர். செல்வோர் நாடுவது யாது? மீள்வோர் கொணர்வது யாது? இவ்வினாக்கள் அவர்க்கேயன்றித் தமிழ் பயிலும் எம்மனோர்க்கும் உரியனவே. கணிப்பொறியியல் என்னும் பெயரே தோன்றாத காலத்தில், அத்துறைக்கு அடிகோலிய கல்வியைக் கடல் கடந்து கற்று மீண்டவர் ஆலன் டூரிங். அவர்தம் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தரும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இவர்தம் தந்தையார் ஜூலியஸ் டூரிங், இந்திய சிவில் சர்வீஸைச் சார்ந்து சென்னை மாகாணத்திற் பணியாற்றியவர். தாயார் ஈதல் சாரா, கோயம்புத்தூரையடுத்த போத்தனூரிற் பிறந்தவர். இருப்புப்பாதைப் பொறியாளராய்ச் சென்னை மாகாணத்தில் விளங்கிய ஸ்டோனி என்பாரின் மகளார். இங்ஙனம் இக்குடும்பம் நம் நாட்டோடு தொடர்புடையதாயினும், டூரிங் நம் நாட்டைக் கண்டாரல்லர். பெற்றோர் தம் மைந்தர் இருவரையும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவரின் இல்லத்தில் விட்டுவிட்டு இந்தியாவுக்குச் சென்றனர். விடுமுறைக் காலங்களிலேயே வந்து கண்டனர். ஆதலின் பிரிவென்பது இவர்க்குத் தொட்டிற்பருவத்திலேயே பழகியதொன்றாயிற்று.

1926-ஆம் ஆண்டு மே மாதம் ஷெர்போர்ன் என்னும் ஊரிலுள்ள பள்ளியிற் சேர்தற்பொருட்டு இவர் பிரான்ஸிலிருந்து கப்பலேறிச் சௌதாம்ப்டன் துறையில் இறங்கினார். அன்று இங்கிலாந்து முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தமையின் புகைவண்டிகள் ஓடவில்லை. பதினான்கு வயதும் நிரம்பாத சிறுவர், தம் மிதிவண்டியின்மீதேறி ஏறக்குறைய 60 மைல் தொலைவைக் கடந்து, இடையே ஓரிரவு விடுதியொன்றில் தங்கிப் பள்ளியை அடைந்தார். தாம் செல்லவேண்டிய இடத்திற்குத் தாமே வழி கண்டு செல்லும் இயல்பு அன்றே இவர்பால் அமைந்திருந்தது.

அப்பள்ளியில் இவர்க்கு வாய்த்த உயிர்த்தோழர் கிறிஸ்டபர் மார்க்கம் என்பவர். இருவரும் வான்மீன்களையும் வேதியியலையும் கணிதத்தையும் பற்றி ஓயாது உரையாடுவர். 1930-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அத்தோழர் நோயுற்று இறந்தார். டூரிங் அத்துயரினின்றும் எளிதில் மீண்டாரல்லர். தோழர் செய்திருக்கக்கூடிய பணியையும் சேர்த்துத் தாமே செய்து முடித்தல் வேண்டும் என்னும் உறுதி இவர் உள்ளத்தே வேரூன்றிற்று.

1931-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1934-ல் கணிதத்தில் முதல் வகுப்பிற் றேறினார். அவ்வாண்டிலேயே, நிகழ்தகவு பற்றிய பெருந்தேற்றம் ஒன்றினை நிறுவி ஆய்வுரை எழுதினார். அத்தேற்றத்தை ஃபின்லாந்து நாட்டு லிண்டெபர்க் என்பார் 1922-ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார் என்பது பின்னரே இவர்க்குத் தெரிய வந்தது. ஆயினும் பிறர் நூலைக் காணாது தம் முயற்சியாலேயே அம்முடிவை எய்தினமை கருதி, கல்லூரியார் 22 வயதினரான இவரைத் தம் ஆய்வாளருள் ஒருவராகத் தேர்ந்து, ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையும் அளித்தனர். முந்துநூல் அறியாது உழைப்பவன் அடையும் இடர்ப்பாட்டை இவர் உணர்ந்தது இதுவே முதன்முறை.

இரண்டாமுறை நேர்ந்தது இதனினும் பெரிது. 1935-ல் நியூமன் என்னும் பேராசிரியர் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளை இவர் கேட்டார். யாதொரு கணிதக் கூற்றை எடுத்துக்கொண்டாலும், அது நிறுவத்தக்கதா அன்றா என்பதைப் பிழையின்றித் தெளிவிக்கும் பொதுமுறை ஒன்று உளதோ என்பது, ஜெர்மானியக் கணித மேதையாகிய ஹில்பெர்ட் எழுப்பிய வினா. டூரிங் இதனை ஆராயப் புகுந்து, ஒரு கணக்கர் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடுங்கால் உண்மையிற் செய்வது யாது எனச் சிந்தித்தார். கணக்கர் ஒரு குறியைக் காண்கின்றார். அதனை அழிக்கின்றார், அல்லது வேறொன்றை எழுதுகின்றார். பின்னர் அடுத்த கட்டத்திற்குச் செல்கின்றார். இவ்வளவையும் கட்டங்களாகப் பகுக்கப்பட்ட நீண்ட நாடாவொன்றின்மீது ஒரு பொறியும் செய்யலாம் அன்றோ? ஒவ்வொரு நிலையிலும் அது செய்யவேண்டுவதைக் கட்டளைப் பட்டியலாக எழுதிவிடின், பொறி தானே இயங்கும். அப்பட்டியலையும் நாடாவின்மீதே எழுதிவிடின், ஒரே பொறி ஏனைப் பொறிகள் அனைத்தின் தொழிலையும் செய்ய வல்லதாகும். இன்று நம் கையகத்தேயுள்ள கணிப்பொறி ஒவ்வொன்றும் இக்கருத்தின் வழிவந்ததே. இத்தகைய பொறியாலும் தீர்க்கலாகா வினாக்கள் உண்டெனக் காட்டி, ஹில்பெர்ட் தேடிய பொதுமுறை இல்லை என இவர் நிறுவினார்.

1936-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இவ்வாய்வுரையின் படியை நியூமனிடம் அளித்தார். சில வாரங்களுக்குள் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்து சேர்ந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து அலொன்சோ சர்ச் என்னும் பேராசிரியர், முற்றிலும் வேறானதோர் நெறியிற் சென்று, அதே முடிவை எய்தி, முன்னரே வெளியிட்டுவிட்டார்! இருபத்துமூன்று வயது இளைஞர்க்கு இஃது எத்தகைய அடியாயிருந்திருக்கும் என்பதை, இரவெல்லாம் கண்விழித்து எழுதிய கட்டுரையின் பொருளைப் பிறர் நூலிற் கண்டு திகைத்த மாணவர் எவரும் அறிவர்.

இந்நிலையில் செய்யத்தக்கன யாவை? சோர்ந்து அத்துறையையே விட்டுவிடலாம். அன்றி முந்தியவர்மீது அழுக்காறு கொள்ளலாம். டூரிங் இவ்விரண்டும் செய்திலர். தம்மை முந்தியவரிடமே மாணவராய்ச் சென்று கற்கத் துணிந்தார். நியூமனும் சர்ச்சுக்குக் கடிதம் எழுதி, இவ்விளைஞர் எவருடைய துணையுமின்றித் தனித்தே உழைத்து வருகின்றார் என்றும், துறைவல்லார் ஒருவரோடு பழகுதல் இவர்க்கு இன்றியமையாதது என்றும் பரிந்துரைத்தார். சர்ச்சின் முறையும் தம் முறையும் அளவில் ஒத்தனவே என்பதை டூரிங் ஆகஸ்டு மாதத்தில் ஓர் இணைப்பாக எழுதித் தம் ஆய்வுரையிற் சேர்த்தார். பின்னர், 1936-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ஆம் நாள் பெரெங்கேரியா என்னும் கப்பலில் கடைவகுப்புப் பயணியாய் ஏறி, அம்மாத இறுதியில் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தார். ஓராண்டு தங்கி மீள்வதே அவர் கருத்து.

பிரின்ஸ்டன் அக்காலத்தில் கணித வல்லுநர்களின் கூடமாய்த் திகழ்ந்தது. ஐன்ஸ்டைனும் ஃபான் நாய்மனும் ஹெர்மன் வைலும் அங்கிருந்தனர். ஆயினும் பெரியோர் பலர் கூடிய இடத்தில் இளையோன் தனிமை நீங்கிவிடும் என்பது உறுதியன்று. பிரின்ஸ்டன் அளிக்கும் புராக்டர் உதவித்தொகை முதலாண்டில் இவர்க்குக் கிட்டவில்லை. தம் கல்லூரி அளித்த 300 பவுனைக்கொண்டே காலங்கழித்தார். டிசம்பர் மாதத்தில் தம் ஆய்வினைப்பற்றிக் கணிதக் கழகத்தில் உரை நிகழ்த்தியபோது கேட்க வந்தோர் மிகச் சிலரே. ஆய்வுரை அச்சாகி வெளிவந்த பின்னரும் அதன் படி வேண்டி எழுதினோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. இச்செய்திகளையெல்லாம் இவர் தம் அன்னையார்க்கு எழுதி வந்தார். உலகத்தை மாற்றவிருந்த கருத்து, வெற்றிருக்கைகளை நோக்கி உரைக்கப்பட்டது என்பதை இன்று எண்ணுங்கால் வியப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

எனினும் சர்ச் அக்கருத்தின் பெருமையை உணர்ந்தார். 1937-ல் ஓர் இதழில் அவ்வாய்வுரையை மதிப்பிட்டு எழுதியபோது, அதிற் கண்ட பொறிக்கு டூரிங் பொறி என்னும் பெயரை வழங்கினார். முந்தியவரே பிந்தியவர்க்குப் பெயர் சூட்டினார்! தம் முறையினும் டூரிங்கின் முறை, கணித்தல் என்பது யாதென எளிதில் விளங்கச் செய்வது என்பதையும் அவர் மறையாது ஒப்புக்கொண்டார். ஆசிரியர்க்குரிய நேர்மை இதுவன்றோ?

ஓராண்டு முடிந்ததும் கோடையில் தாய்நாடு சென்ற டூரிங், ஃபான் நாய்மன் முதலானோரின் பரிந்துரையால் 2,000 டாலர் கொண்ட புராக்டர் உதவித்தொகை கிட்டவே, இரண்டாமாண்டிற்கு மீண்டும் பிரின்ஸ்டன் வந்தார். இவ்வாண்டில் இவர் செய்தவை இரண்டு. ஒன்று, சர்ச்சின் மேற்பார்வையில் டாக்டர் பட்டத்திற்குரிய ஆய்வு. பொறியால் தீர்க்கலாகா வினாவொன்றிற்கு அசரீரி போலும் ஏதோ ஒன்று விடை கூறுமாயின், அப்பால் பொறி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதும் அதில் ஆராயப்பட்டது. ஆசிரியர் கூறிய திருத்தங்களால் ஆய்வுரை நாளுக்குநாள் நீண்டது. மாணவர்க்கு அதுவும் ஒரு பயிற்சியாயிற்று.

மற்றொன்று, பலரும் எதிர்பாராதது. பௌதிகத்துறையின் பட்டறைத் திறவுகோலை அங்குப் பயின்ற நண்பர் மாக்பெயில் என்பவரிடம் பெற்று, அங்கிருந்த கருவிகளைக்கொண்டு, மின்காந்தத்தால் திறந்து மூடும் மின்னாளிகளைத் தம் கையாலேயே செய்து, எண்களைப் பெருக்கும் பொறியொன்றினை அமைக்கத் தொடங்கினார். செய்தியை எண்ணாக மாற்றி, இரகசியமான பேரெண் ஒன்றினாற் பெருக்கி அனுப்பினால், பகைவர் அதனை அறிதல் அரிது என்பது அவர் எண்ணம். ஐரோப்பாவிற் போர்மேகம் சூழ்ந்துவந்த காலம் அது. தாளின்மீது கற்பனைப் பொறி வகுத்தவர், பட்டறையில் இரும்பையும் செம்புக் கம்பியையும் தொட்டுப் பழகியதும் அக்காலத்திலேயே.

1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டாக்டர் பட்டம் பெற்றார். ஃபான் நாய்மன் ஆண்டுக்கு 1,500 டாலர் ஊதியத்தில் தம் துணைவராய் இருக்குமாறு அழைத்தார். அக்காலத்து இளைஞர் எவரும் விரும்பத்தக்க இடம் அது. டூரிங் அதனை ஏலாது, ஜூலை மாதத்தில் கப்பலேறித் தாய்நாடு திரும்பினார். புறப்பட்டு இரண்டு ஆண்டும் நிரம்பவில்லை. தொல்காப்பியர் வகுத்த எல்லையை அறியாமலே அவர் அதனுள் நின்றார்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் போர் மூண்ட மறுநாளே பிளெச்லி பார்க் என்னும் இடத்தில் மறைமொழி ஆய்வுப் பணியில் இவர் அமர்ந்தார். ஜெர்மானியர் தம் கட்டளைகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து அனுப்பிவந்தனர். இங்கும் இவரை முந்தியோர் இருந்தனர். போலந்து நாட்டுக் கணித அறிஞர் பல ஆண்டுகளாக அப்பொறியின் மறையை அவிழ்த்துவந்து, தாம் அறிந்ததனைத்தையும் அவ்வாண்டு ஜூலை மாதத்திற் பிரிட்டானியர்க்கு வழங்கியிருந்தனர். டூரிங் அவர் வழியைக் கற்று, அதற்கப்பாலும் சென்று, மறைமொழித் திறவை விரைந்து தேடும் மின்பொறி ஒன்றினைத் திட்டமிட்டார். முதற்பொறி 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுவப்பட்டது; வெல்ச்மன் என்பாரின் திருத்தத்தால் அது மேலும் வலிமை பெற்றது. போர் முடியுமுன் இத்தகைய பொறிகள் 200-க்கு மேற்பட்டன. கடலில் உணவேற்றிவந்த கப்பல்கள் பல, நீர்மூழ்கிகளின் வாயிற்படாது தப்பின.

போருக்குப்பின் 1945-ல் தேசிய பௌதிக ஆய்வகத்திற் சேர்ந்து, கட்டளைகளைத் தன்னகத்தே வைத்து இயங்கும் கணிப்பொறி ஒன்றிற்கு விரிவான திட்டம் வரைந்தார். 1948-ல் மான்செஸ்டர் சென்றார். பொறி சிந்திக்குமோ என்னும் வினாவை 1950-ல் ஆராய்ந்தார். 1951-ல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

இனி உரைப்பது துயரச் செய்தி. ஆணொருவரோடு கொண்ட உறவு அந்நாட்டுச் சட்டப்படி அக்காலத்திற் குற்றமாயிருந்தமையின், 1952-ல் இவர் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக, உடலியல்பை மாற்றும் மருந்தை ஓராண்டு ஏற்குமாறு ஆயிற்று. அரசின் மறைமொழிப் பணியினின்றும் விலக்கப்பட்டார். 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், 41 வயதில், நஞ்சால் இறந்தார். தாமே உயிர் நீத்தார் என விசாரணையில் தீர்ப்பாயிற்று. இவர் போரிற் செய்த உதவி மறைவாயிருந்தமையின், அந்நாட்டு மக்கள் தாம் இழந்தது யாதென அன்று அறிந்திலர். 2009-ல் பிரதமர் மன்னிப்பு வேண்டினார். 2013-ல் அரசியார் குற்றம் நீக்கி ஆணையளித்தார். 2021-ல் இவர் உருவம் 50 பவுன் தாளிற் பொறிக்கப்பெற்றது.

கேம்பிரிட்ஜில் கணிப்பொறிக் கல்விக்கென ஓராண்டுப் பட்டயப்படிப்பு தொடங்கியது 1953-ல். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித்துறை ஏற்பட்டது 1962-ல். பாடத்திட்டமோ பட்டமோ இல்லாத காலத்தில், தம்மை முந்தியவர் ஒருவர் கடலுக்கப்பால் இருக்கின்றார் என்னும் ஒன்றே டூரிங்கைக் கப்பலேற்றியது. இன்று கடல் கடக்கும் மாணவர் பட்டத்தையும் ஊதியத்தையும் நாடுதல் குற்றமன்று. ஆனால், தம்மினும் மேம்பட்டாரை நாடிச் சென்று, அவர்முன் அழுக்காறின்றி அமர்வதே ஓதற்பிரிவின் உயிர்.

மற்றொன்றும் உண்டு. பிரிந்தோன் மீளல் வேண்டும் என எல்லை வகுத்த இலக்கணம், மீண்டு வருவோனை வாயிலில் நின்று வரவேற்பார் உளர் என்று கொண்டே அதனை வகுத்தது. டூரிங் தம் கடமையிற் பிழைத்திலர், நாடு பிழைத்தது. கற்று மீள்வோர் எத்தகையராயினும் அவரை அன்போடு ஏற்கும் உள்ளம், வீட்டிலும் கல்லூரியிலும் இருக்கும் நம்பால் உளதோ என ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வோமாக.