காமிராவுக்கும் கால் வேண்டும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

தம்மம்பட்டியில் உளியோசை கேட்டு வளர்ந்தவன் நான். மரத்தில் சாமி வாகனங்கள் செதுக்கும் என் தந்தைக்குப் பார்வை மங்கி வருகிறது. அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட யாளியை வீடியோவில் பதிந்துவைக்க விரும்பினேன். இரவல் காமிராவை ஒரு மெல்லிய முக்காலியில் நிறுத்தினேன். உளியிலிருந்து முகத்துக்குத் திருப்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி இழுத்தது. யாளிக்குக் கண் திறந்த காட்சி வீணாயிற்று. செதுக்கிய கண்ணை மறுபடி செதுக்க முடியுமா?

இருவரும் சேர்த்த பணத்தில் புதுக் காமிரா வாங்கலாம் என்றார் அண்ணன். நானும் இசைய இருந்தேன். அந்த வேளையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் வாழ்க்கையைப் படித்தேன்.

1907இல் திருச்செங்கோட்டில் பிறந்தவர் சுந்தரம். குடும்பத் தொழில் துணி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பினார். ஆனால், மனம் சினிமாவை நாடிற்று. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஓடிப் படமெடுத்த காலத்தில், சேலத்தில் ஏற்காடு மலையடிவாரத்திலேயே 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். மாடர்ன் தியேட்டர்ஸில் முதலில் தளம், பிறகு படம் என்பதே அவர் வழி. தளமும் கருவிகளும் வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஓரிடத்தில் சேர்ந்தபின் படங்கள் வரிசையாக வந்தன. 1937இல் 'சதி அகல்யா'. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்'.

1940இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' என் சிந்தையைக் கவர்ந்தது. அதில் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அக்காலத்தில் இத்தகைய காட்சியை எடுக்க, லென்சின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள். இடையில் காமிரா மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும். எத்தனை உயர்ந்த காமிராவானாலும் தாங்கி நிற்கும் கால் ஆடினால் பயனில்லை!

காலக்கெடுவும் கணக்கும் தவறாதவர் எனப் பெயரெடுத்தார் சுந்தரம். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' என முதன்மைகளைக் குவித்து, 1963இல் மறைந்தார். அவர் நிறுவனம் தந்த படங்கள் நூற்றுக்கும் மேல்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். இருவரும் முக்காலி தேடிச் சேலம் சென்றோம். நல்ல முக்காலியின் தலைப்பகுதி 'ஃபுளூயிட் ஹெட்' எனப்படும். அதன் தகடுகளுக்கிடையே பிசுபிசுப்பான திரவம் இருக்கும். வேகமாகத் தள்ளினால் எதிர்ப்பு கூடும்; ஆதலால் கைநடுக்கம் படத்தில் ஏறாது. வகுப்பில் படித்த பாகுத்தன்மையே இது!

காமிராவோடு லென்ஸ், மைக், பாட்டரி எல்லாவற்றின் எடையையும் கூட்டி, அதைத் தாங்கும் தலையைத் தேர்ந்தோம். சரிந்த நிலையில் கையை விட்டால் காமிரா அங்கேயே நிற்கவேண்டும். கவிழ்ந்தால் எதிர்ச்சமநிலை போதாது. பூட்டிய தலையைப் பிடித்து முறுக்கிப் பார்த்தோம். முறுங்கும் கால்களை ஒதுக்கினோம். கால்களைத் தொடாமலே மட்டம் சரிசெய்யும் கிண்ணமும், குமிழ் மட்டமும் உள்ளதையே வாங்கினோம். காமிரா இன்றும் இரவல்தான்.

யாளியின் பிடரியும் பாதங்களும் மீதமிருந்தன. தந்தையின் விரல்களிலிருந்து முகம்வரை காமிரா நீர்போல நகர்ந்தது. போன கண் போனதுதான். ஆனால், அந்தக் கைகள் நிலைத்துவிட்டன.

நண்பர்களே, உயர்ந்ததை வாங்குமுன் அது எதன்மேல் நிற்கப்போகிறது என்று பாருங்கள். ஏற்காடு அடிவாரத்தில் சுந்தரம் முதலில் அமைத்தது அந்தத் தளத்தைத்தான்.