பாப்பாரப்பட்டியில் ஓய்ந்த குரல்

தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில், 1925-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி சுப்பிரமணிய சிவா காலமானார். அப்போது அவருக்கு 41 வயது நிரம்பவில்லை. அவரைத் தேசபக்தர் என்று நாடு போற்றுகிறது, அது நியாயமே. ஆனால், கூலிக்கு உழைப்போர் அனைவரும் ஓரினத்தார் என்ற உணர்ச்சியைத் தமிழ்நாட்டில் எழுப்பிய முன்னோடிகளுள் அவர் ஒருவர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அதை நினைவூட்டுவது நமது கடமை.

1884-ல் வத்தலக்குண்டில் பிறந்த சிவா, 1908-ன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு தோளோடு தோள் நின்றார். அங்கே ஹார்வி கம்பெனியாரின் கோரல் மில்லில் ஆண்களோடு சிறுவர்களும் விடியுமுன் புகுந்து இருட்டும் வரை உழைத்தனர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூடக் கிடையாது. ஏழையின் பசி விதியால் வந்ததன்று, பிறர் லாபத்தால் வந்தது என்பதைச் சிவா கடற்கரைக் கூட்டங்களில் எடுத்துரைத்தார். பிப்ரவரி 27-ந் தேதி வேலைநிறுத்தம் மூண்டது. ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்து, கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இணங்கியது.

முதலாளி வெள்ளையனாயிருந்ததாலேயே தொழிலாளர் எழுந்தனர், இதில் வர்க்க உணர்ச்சி ஏது என்று கேட்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தேசாபிமானம் அவர்களுக்குத் தைரியம் அளித்தது மெய். ஆனால் அவர்கள் கேட்டவை கூலியும் ஓய்வும். முதலாளியின் நிறம் எதுவாயினும் தொழிலாளி கேட்கவேண்டியவை அவையே. மேலும், மில்லில் வேலை செய்யாத நாவிதரும் கம்பெனியின் பக்கம் நின்றோருக்குச் சவரம் செய்ய மறுத்தனர். தொழிலும் ஜாதியும் வேறான மக்களை ஒன்றாகக் கட்டியது எது? அதைத்தான் வர்க்க உணர்ச்சி என்கிறோம்.

சர்க்கார் அதன் வலிமையை உடனே உணர்ந்தது. மார்ச் 12-ந் தேதி இருவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் போலீஸ் குண்டுக்கு நால்வர் பலியாயினர். தங்கள் கூலிக்கன்றி, தலைவர்களுக்காகவும் கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். ராஜத்துவேஷக் குற்றத்திற்காகச் சிவாவுக்கு 10 வருஷம் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில் அது 6 வருஷமாகக் குறைந்தது.

1912-ல் வெளிவந்த சிவாவின் உடலைச் சிறையில் பற்றிய பெருநோய் அரித்துக்கொண்டிருந்தது. ஆயினும் அவர் ஓயவில்லை. 1913-ல் 'ஞானபானு' பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர், அவர் ரயிலில் ஏறலாகாது என்று சர்க்கார் தடுத்தபோது, கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்றார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப விரும்பி, 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டுவித்தார். ஆலயம் எழுவதைக் காணாமலே அவர் கண்மூடினார்.

அவர் தூத்துக்குடியில் இட்ட அஸ்திவாரம் வேறொன்று. தேசத்தின் விடுதலையும் உழைப்பாளியின் விடுதலையும் இரண்டல்ல என்பதே அது. முதலாவது 1947-ல் கைகூடியது. இரண்டாவது யாருடைய பொறுப்பு என்பதை, பாப்பாரப்பட்டிக்குச் சென்று அவருக்கு மாலை சூட்டுவோர் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வாராக.