கருணை வீரர் நான்ஸென்

போரினால் பாழ்பட்ட நாட்டில் பசித்தோர்க்கு உணவு கொண்டு சேர்ப்பது எளிய தருமம் என்று நாம் எண்ணலாகாது. பொருளும் இரக்கமும் இருப்பினும், பகையும் சந்தேகமும் வழிமறிக்குமாயின், தானியம் பசித்தவன் வாய்க்கு எட்டாது. இவ்வுண்மையை நேரிற் கண்டு, அத்தடையோடு இறுதிவரை போராடியவர் நார்வே தேசத்துப் பெரியாராகிய பிரிட்யோப் நான்ஸென் ஆவர்.

இவர் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, இன்று ஆஸ்லோ என வழங்கும் நகரின் அருகே பிறந்தார். விலங்கு நூல் பயின்று புலமை பெற்றார். 1888-ல் ஐந்து துணைவரோடு கிரீன்லாந்தின் பனிவெளியைக் குறுக்கே கடந்தார். 1893-ல் பிராம் என்னும் கப்பலில் வடதுருவத்தை நாடிச் சென்று, மூன்றாண்டுகள் பனிக்கடலில் இன்னலுற்று, 1896-ல் மீண்டார். இவ்வளவிலே நின்றிருப்பினும் அவர் புகழ் குன்றாது. ஆயினும் அவர்தம் பெரும்பணி அறுபதாம் வயதை அணுகிய பின்னரே தொடங்கிற்று.

முதல் மகாயுத்தம் 1918-ல் முடிந்தும், கைதிகள் பல்லாயிரவர் சைபீரியா முதலிய இடங்களில் குளிராலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களை வீடு சேர்க்கும் பொறுப்பை 1920-ல் சர்வதேச சங்கம் நான்ஸெனிடம் ஒப்புவித்தது. ருஷிய அரசாங்கமோ அச்சங்கத்தையே ஒப்புக்கொள்ளவில்லை. நான்ஸென் மனந்தளராது மாஸ்கோ சென்று, தம் நேர்மையையே ஈடாக வைத்துப் பேசினார். பால்டிக் கடல் வழியே கப்பல்கள் ஓடின. 1922-க்குள் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் தத்தம் நாடு சேர்ந்தனர்.

இதனினும் கடிய சோதனை 1921-ல் வந்தது. ஏழாண்டு யுத்தமும் உள்நாட்டுக் கலகமும் ருஷியாவைச் சிதைத்திருந்தன. குடியானவரின் தானியத்தை அரசாங்கத்தார் வலிந்து பறித்திருந்தனர். அதன்மேல் மழையும் பொய்த்தது. வால்கா நதி தீரத்தில் மக்கள் புல்லையும் மரப்பட்டையையும் தின்றனர். விதை நெற்போலக் காத்த தானியமும் தீர்ந்தது.

செஞ்சிலுவைச் சங்கங்களின் சார்பாக நான்ஸென் அப்பணியை மேற்கொண்டார். செப்டம்பரில் ஜெனீவாவிலே கூடிய அரசாங்கங்களிடம் 50 லட்சம் பவுன் கடனாகக் கேட்டார். ஒரு கண்டத்தில் சோளம் எரிபொருளாகிறது, துறைமுகங்களில் கப்பல்கள் வாளாவிருக்கின்றன, ஈண்டோ மக்கள் சாகின்றனர் என்று எடுத்துக்காட்டினார். உதவி போல்ஷிவிக் ஆட்சியை வலுப்படுத்தும் என்று அஞ்சிய அரசாங்கங்கள் கைவிரித்தன.

அவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண சபையார், பங்கீடு தம் கையில் இருக்கவேண்டுமென்று உறுதியாக நின்றனர். நான்ஸெனோ ருஷியப் பிரதிநிதியோடு கூடிப் பங்கிட இசைந்து, பலருடைய கண்டனத்துக்கு ஆளானார். 1922-ல் பசி தீருமுன்னரே அவ்வரசாங்கம் தானியத்தை அயல்நாட்டுக்கு விற்க முனைந்தது. ஆயினும் ஆள்வோரின் குற்றத்துக்காகக் குழந்தையைப் பட்டினியிடுதல் எந்நீதியிலும் அடங்காது என்பதே நான்ஸென் கொண்ட துணிபு.

பிற இடர்களும் பல. இருப்புப்பாதைகள் பழுதுற்றிருந்தன, இஞ்சின்கள் போதவில்லை, உதவ வந்தோரையும் விஷக்காய்ச்சல் பற்றிற்று. இரயில் செல்லாத இடங்களுக்கு ஒட்டகங்களும் தானியம் சுமந்தன. நான்ஸென் பஞ்சப் பிரதேசத்தை நேரிற் சென்று பார்த்து, புகைப்படங்களோடு ஐரோப்பிய நகரங்களிற் பேசிப் பணம் திரட்டினார். அமெரிக்க சபையார் 1922-ல் நாளொன்றுக்கு ஒரு கோடி மக்களுக்கு உணவளித்தனர். அவ்வளவு செய்தும் சுமார் 50 லட்சம் மக்கள் மாண்டனர் என்பர். உதவி காலந்தாழ்த்து வந்ததன் விலை அது.

நாடிழந்தோர்க்கு அவர் 1922-ல் வகுத்த அனுமதிச் சீட்டு அவர் பெயராலேயே வழங்கிற்று. அவ்வாண்டின் சமாதான நோபெல் பரிசையும் பெற்று, அப்பொருளைத் துயர் தணிக்கும் பணிக்கே ஈந்தார். 1930-ஆம் ஆண்டு மே 13-ந் தேதி தம் இல்லத்தில் உயிர் நீத்தார்.

நல்ல சமாரியன் உவமையைச் சிறு பிராயமுதல் கேட்டுவரும் நாம், வழியிற் கிடந்தவனின் கட்சியைச் சமாரியன் வினவவில்லை என்பதை மறத்தலாகாது. நான்ஸென் வினவவில்லை, வினவிக்கொண்டிருந்தோர் பல லட்சம் பிரேதங்களுக்குப் பின்னரும் விடை காணவில்லை.