கூலியாளாக வந்த குருவானவர்

கற்பிட்டியில் படகேறி உச்சமுனை மணலில் நீங்கள் ஒரு முறையேனும் கால் பதித்ததுண்டா? ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு, நடுவே சிறு மணல்திட்டு. அங்குள்ளோருக்குக் கடலே தொழில். படகும் வலையும் உடையோர் சிலர். அவர்களுடைய படகில் பங்குக்கோ நாட்கூலிக்கோ போகிறவர் பலர். மீன் பட்டால் பங்கு உண்டு, படாவிட்டால் கடன் உண்டு. மாதச் சம்பளம், சுகயீன லீவு என்பதெல்லாம் அவர்கள் காதால் மட்டும் கேட்டவை.

கொரோனா நோய் இலங்கைக்குள் வந்தபோது, 2020 மார்ச் 18ஆம் திகதி, ஊரடங்குச் சட்டம் முதன்முதல் விழுந்த பகுதிகளில் புத்தளமும் ஒன்று. இரண்டு நாளில் அது நாடு முழுவதற்கும் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுக் கண்டு சந்தையை மூடினார்கள். மீனைத் தின்றால் நோய் வரும் என்ற பயம் பரவி, பிடித்த மீனுக்கும் வாங்க ஆளில்லாமற் போயிற்று. முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னே பச்சை மீனைக் கடித்துக் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். சிரித்தோம். ஆனால் கரையிலே இருந்தவர்களுக்கு அது சிரிப்புக்குரிய காலமல்ல. வீட்டிலே இருங்கள் என்ற கட்டளை எல்லாருக்கும் ஒன்றுதான். அதன் பாரம் மாதச் சம்பள வீட்டில் ஒரு மாதிரி, அன்றாடம் உழைத்து உண்ணும் குடிசையில் வேறு மாதிரி. அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது, மறுப்பதற்கில்லை. ஆறு வயிறு உள்ள வீட்டில் அது எத்தனை நாளுக்குக் காணும்?

அந்த நாட்களிலே எமக்கு அடிக்கடி நினைவில் வந்தவர் புனித யோசேவாஸ் முனிவர். அவருடைய அற்புதங்களைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அவர் கூலியாளாக வாழ்ந்ததை மட்டும் அவ்வளவாகக் கேட்டிருக்கமாட்டீர்கள்.

அவர் பிறப்பால் கூலியாள் அல்லர். 1651 ஏப்பிரல் 21ஆம் திகதி, கோவா நாட்டின் பெனோலிம் என்ற ஊரில், மதிப்புள்ள பிராமண குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றார். கன்னட நாட்டில் சில காலம் ஊழியம் செய்து, 1685இல் கோவாவிலிருந்த ஒறற்றோரியன் சபையிற் சேர்ந்தார். அப்போது இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில். 1658இல் யாழ்ப்பாணம் அவர்கள் வசமான பின்னர் குருவானவர்கள் துரத்தப்பட்டார்கள். கத்தோலிக்கர் திருப்பலியின்றித் தவித்தார்கள். குருவாக வந்து இறங்க வழியில்லை. ஆகவே 1687இல், யோவான் என்ற தம் பணியாளரோடு, தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் கடல் கடந்தார்.

இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறேன். கந்தை உடுத்தி வெறுங்காலோடு வந்தவரைப் பார்த்து, இவர் லத்தீனும் வேதசாஸ்திரமும் கற்ற குரு என்று எவர் எண்ணுவார்? வேடம் மிக நன்றாகப் பலித்தது. அதன் விலையையும் அவரே கொடுத்தார். யாழ்ப்பாணம் வந்த அவருக்கும் யோவானுக்கும் கடும் வயிற்றுளைவு கண்டது. நோய் தொற்றிவிடும் என்று அஞ்சிய ஊரவர் இருவரையும் ஒதுக்கிவிட்டனர். ஊர் பேர் தெரியாத கூலியாள் நோயில் விழுந்தால் அவனை யார் வைத்துப் பார்ப்பார்? இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சிதான் இருவரையும் காத்தது என்று அவர் சரித்திரம் சொல்கிறது. அந்தப் பெண் யாரோ, பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

எழுந்து நடக்கத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டு கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். பின் சில்லாலையிலே தங்கி இரவில் திருப்பலி நிறைவேற்றினார். ஒல்லாந்தரின் கெடுபிடி மிகவே 1690இல் புத்தளம் வந்தார். கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தருடையது. புத்தளமோ கண்டி அரசனுடையது. நம் கரையோரத்தார் அவரை எங்கள் யோசேவாஸ் என்று சொந்தம் கொண்டாடுவதில் நியாயமுண்டு. 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று பழி சுமத்திச் சிறையில் வைத்தார்கள். நாளடைவில் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார்.

1697இல் கண்டியில் வைசூரி கண்டது. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. அம்மைப்பால் குத்தும் முறை கண்டுபிடிக்க இன்னும் நூறு ஆண்டு இருந்தது. அரசன் நகரை விட்டு வெளியேறினான். பிரபுக்களும் போனார்கள். அவர்களைக் குறை கூறுவானேன்? போக இடமிருந்தவர்கள் போனார்கள். போக இடமில்லாத ஏழைகளே அகப்பட்டார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டோரம் விட்டுவிட்டு வந்தார்கள்.

முனிவரும் போயிருக்கலாம், புத்தளத்தில் அவருக்கு மந்தை இருந்தது. அவர் போகவில்லை. தம் மருமகன் யோசேப் கர்வாலோ என்ற குருவானவரைத் துணைக்குக் கொண்டு, கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போனார். ஓலைக் குடிசைகள் அமைத்து அவர்களைக் கிடத்தினார். புண்ணைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார், இறந்தவர்களைத் தம் கையாலே அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, புத்த சமயத்தவரா என்று கேட்கவில்லை. ஒருநாள் இருநாள் வேலையல்ல, நோய் தணியுமட்டும் இதுவே அவருக்குத் தொழில். பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த அந்தக் கூலியாளுக்கு, காட்டோரம் கிடப்பவன் முதலில் எதைக் கேட்பான் என்று தெரிந்திருக்கும். மழை வேண்டிச் செபித்து மழை பெய்வித்த சம்பவத்தைத் திருநாட்களில் பெரிதாகச் சொல்கிறோம். எனக்கோ இந்தக் கஞ்சிக் கலயம்தான் பெரிதாகத் தெரிகிறது.

அரசனும் அதைக் கண்டான். இந்தக் குருவானவர் இல்லாதிருந்தால் தெருவெல்லாம் பிணமாகக் கிடந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டு, வேதம் போதிக்க இடங்கொடுத்தான். நோயாளருக்குக் குடிசை கட்டும்போது அவர் அதை எண்ணிச் செய்தவரல்லர்.

ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்று தள்ளினார். நாடெங்கும் நடந்தே அலைந்து உடல் தேய்ந்து, 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியிலே காலமானார். 1995இல் பரிசுத்த பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். ஆனால் வைசூரியில் மாண்டவர்களுக்காக அவர் வெட்டிய குழிகளைப் போலவே, கண்டியில் அவருடைய கல்லறை எவ்விடத்தில் என்பதையும் இன்று எவராலும் காட்ட முடியவில்லை.