பம்ப் கிடைக்காத மனிதர்

டீசல் என்றதும் நமக்கு பெட்ரோல் பங்க்கும், சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாத அந்த வாடையும்தான் ஞாபகம் வரும். அது ஒரு ஆளோட பேர் என்பது, இன்-பிளாண்ட் டிரெயினிங்கில் நான் திட்டு வாங்கிய அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஒர்க்ஷாப்புக்கு ஒரு டர்போ டீசல் கார் வந்தது. எஃப்.ஐ. பம்ப் அவுட். ஷெல்ஃபில் பழைய பம்ப் ஒன்று இருந்தது. அதே நாலு சிலிண்டர், போல்ட் ஓட்டையும் பொருந்தியது. டைமிங் மார்க்கைச் சேர்த்து, ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தோம். ஐடிலிங் அருமை! ரோட்டில் இறக்கினால் மேடு ஏறவில்லை. அது டர்போ இல்லாத என்ஜினின் பம்ப். அந்த காரின் சொந்த பம்பில், மேனிஃபோல்டிலிருந்து வரும் சின்ன ஹோஸ் கவர்னர் மேலுள்ள டயஃப்ரத்தை அழுத்தும். டர்போ காற்று ஏற ஏற டீசலும் கூடும். நாங்கள் மாட்டியதில் அந்த ஹோஸுக்கு இடமே இல்லை. அதன் வாயில் போல்ட்டைச் செருகி கிளிப் போட்டது சாட்சாத் நான்தான்! பம்பால் நொந்துபோனவன் நீ மட்டும் இல்லடா, அந்த டீசலே அப்படித்தான் போனார் என்று ஹெட் மெக்கானிக் அண்ணன் ஆறுதல் சொன்னார். அப்புறம்தான் லைப்ரரியில் தேடினேன்.

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூள, குடும்பம் லண்டனுக்கு ஓடியது. பன்னிரண்டு வயதுப் பையன் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பிறகு மியூனிக் பாலிடெக்னிக். ஆமாம், நம்ம ஆளுதான்! 1879-ல் டைஃபாய்டு வந்து கடைசிப் பரீட்சையைத் தவறவிட்டார். அடுத்த பரீட்சை வரை சும்மா இருக்காமல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் சுல்சர் கம்பெனியில் வேலை பழகி, 1880-ல் முதன்மையாகத் தேறினார். அரியர் வைத்தவர்கள் கவனிக்கவும்.

நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி என்ஜின் உருப்படியாக வேலையாக்கவில்லை என்று வகுப்பில் கேட்டது அவரை விடவே இல்லை. காற்றை மட்டும் நன்றாக அமுக்கிச் சூடாக்கி, அதில் எரிபொருளைத் தெளித்தால் பிளக் இல்லாமலே பற்றும் என்று கணக்குப் போட்டார். 1893-ல் பேட்டன்ட் கிடைத்தது. அதே ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க்கில் முதல் சோதனை. வெடித்து, அழுத்தம் காட்டும் கருவி சிதறியது. விடவில்லை. 1897-ல் 20 குதிரைத்திறன் என்ஜின், வெப்பத்தில் 26 சதவீதத்தை வேலையாக்கிக் காட்டியது.

சிக்கல் எங்கே என்றால், அமுங்கிய காற்றை எதிர்த்து, சரியான நொடியில், சில சொட்டு எண்ணெயைத் தெளிக்கணும். அதற்கு பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கலாம். அந்தக் காலத்துப் பட்டறையில் அது நடக்கிற காரியமா? பம்ப் முயற்சியைக் கைவிட்டு, கம்ப்ரஸர் காற்றால் எரிபொருளை ஊதி உள்ளே தள்ளினார். கம்ப்ரஸரோ கனம், என்ஜின் சக்தியையும் தின்றது. கப்பலுக்கும் ஆலைக்கும் சரி, காருக்கு ஆகவில்லை. 1908 வாக்கில் லாரிக்கான சின்ன என்ஜினுக்கும் முயன்றார். எடுபடவில்லை.

இதற்கிடையே பேட்டன்ட் வழக்குகள், தவறான முதலீடு, கடன். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போன டிரெஸ்டன் கப்பலில் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை. பத்து நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலின் பையிலிருந்த பொருட்களை மகன்தான் அடையாளம் சொன்னார். விழுந்தாரா, குதித்தாரா, தள்ளப்பட்டாரா என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கடன் கணக்கைப் பார்த்தால், குதித்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் தேடிய பம்பை பாஷ் கம்பெனி 1927-ல் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. டீசல் வேலை பழகப் போன அதே 1879-ல், அதே வின்டர்தூரில் பிறந்த ஆல்ஃபிரட் பூச்சிதான் 1905-ல் டர்போவுக்கு பேட்டன்ட் வாங்கியவர். இரண்டும் சேர்ந்து காரில் விற்பனைக்கு வர 1978 ஆயிற்று.

எங்கள் காருக்குச் சரியான பம்ப் வர நாலு நாள் ஆனது. ஹோஸிலிருந்த போல்ட்டை நானே கழற்றினேன்.