ஜாக் கெரோவாக்: வீட்டு மொழியும் நெடுஞ்சாலையும்

அமெரிக்க இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்கு எமர்சன், விட்மன், மார்க் ட்வெயின், ஹெமிங்வே ஆகியோரே நினைவுக்கு வருகின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் எழுந்த எழுத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், போர் முடிந்தது, பணம் பெருகியது, இளைஞர் சலிப்புற்றுக் கலகம் செய்தனர், அக்கலகமே இலக்கியமாயிற்று என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். அந்தக் கலகத்துக்குத் தலைவர் என்று பெயர் சூட்டப்பட்டவர் ஜாக் கெரோவாக். அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அந்த இரண்டு வரி போதாது என்று எனக்குத் தோன்றியது. அவரைக் கலகக்காரர் என்பதைவிட, வானொலியும் திரைப்படமும் ஜாஸ் இசையும் வளர்த்தெடுத்த ஆலைத் தொழிலூர்ப் பிள்ளை என்பதே பொருந்தும். அவரை ஆக்கிய பொதுமக்கள் பொழுதுபோக்குகளே பின்னாளில் அவரை விழுங்கவும் செய்தன.

அவர் பிறந்தது 1922ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள். ஊர், மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல். மெரிமாக் ஆற்றங்கரையில் பஞ்சாலைகள் நிறைந்த ஊர் அது. கானடாவின் கியூபெக் பகுதியிலிருந்து பிரெஞ்சு பேசும் ஏழை மக்கள் ஆலை வேலைக்காகத் திரள் திரளாக அங்கே குடியேறியிருந்தனர். கெரோவாக்கின் பெற்றோரும் அக்கூட்டத்தவரே. தந்தை லியோ அச்சகம் வைத்திருந்தார். தாய் கேப்ரியல் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டில் பேச்சு பிரெஞ்சு. அதுவும் பாரிஸ் நகரத்தார் கேட்டால் முகம் சுளிக்கும் நாட்டுப்புறப் பிரெஞ்சு. வீட்டார் அவரைத் 'தி ழான்' என்று அழைத்தனர். நாம் 'சின்னத்தம்பி' என்று கூப்பிடுவது போன்ற செல்லப் பெயர் அது. ஆறு வயது வரையில் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது.

நான்கு வயதில் ஒரு பேரிழப்பு. ஒன்பது வயதே ஆன அண்ணன் ஜெரார்டு 1926இல் காய்ச்சலால் இறந்தான். அண்ணனைத் தெய்வப் பிறவி என்றே அவ்வீட்டுத் தாய் கருதினார். தம்பியும் அவ்வாறே கருதி வளர்ந்தான். இச்சாவைப் பற்றி அவர் எழுதிய 'ஜெரார்டின் காட்சிகள்' என்னும் சிறு நூல் 1963இல் வெளிவந்தது. புகழ் பெற்ற அவருடைய பயண நாவலைவிட இதுவே என்னை அதிகம் வருத்தியது. ஏனோ இதை எடுத்துப் படிப்பவர் குறைவு.

ஆங்கிலம் அவருக்குப் பள்ளியில் மட்டும் வரவில்லை. இருட்டறையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட மருமத் தொடர்கள், சனிக்கிழமைத் திரைப்படங்கள், மலிவு விலைத் துப்பறியும் கதைகள், செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம், இவையெல்லாம் அவருக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள். 'நிழல்' என்று பெயர் கொண்ட ஒரு மரும வீரன் அக்காலத்து அமெரிக்கச் சிறுவர்களை ஆட்டிப் படைத்தான். அவனுடைய சாயலில் ஒரு கதைமாந்தனைப் படைத்து 'டாக்டர் சாக்ஸ்' என்னும் நாவலைப் பின்னாளில் கெரோவாக் எழுதினார். கற்றோர் ஏளனம் செய்யும் சரக்கிலிருந்து இலக்கியம் செய்ய முடியும் என்று அவர் யாரிடமும் வாதாடவில்லை. அவர் கையில் இருந்தது அந்தச் சரக்குதான்.

1936இல் மெரிமாக் ஆறு பெருக்கெடுத்தது. தந்தையின் அச்சுத் தொழில் அவ்வெள்ளத்தில் பட்ட அடியிலிருந்து மீளவே இல்லை. மகனுக்கு ஓடும் கால்கள் இருந்தன. கால்பந்தில் அவன் காட்டிய திறமைக்காகக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் இடமும் உதவித்தொகையும் தந்தது. (இது நாம் ஆடும் கால்பந்து அன்று, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம்.) 1940இல் முதல் ஆண்டிலேயே கால் எலும்பு முறிந்தது. படுத்த படுக்கையில் தாமஸ் உல்பின் நாவல்களைப் படித்தார். பின்பு பயிற்சியாளரோடு மனம் ஒட்டாமல் கல்லூரியைவிட்டு வெளியேறினார்.

போர் வந்தது. 1942இல் 'டார்செஸ்டர்' என்னும் கப்பலில் வேலை செய்து கிரீன்லாந்து வரை சென்று திரும்பினார். அவர் அதிலிருந்து இறங்கிய சில மாதங்களுக்குள், 1943 பிப்ரவரியில், ஜெர்மானிய நீர்மூழ்கி அக்கப்பலைத் தகர்த்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடன் வேலை செய்தவர்கள் கடலுக்கடியில், தாம் மட்டும் கரையில் என்னும் நினைவு ஓர் இளைஞனை என்ன செய்யும்? அவ்வாண்டே கடற்படையில் சேர்ந்தார். கட்டளைக்கு அடங்கும் இயல்பு அவரிடம் இல்லை. மனநிலை பொருந்தாதவர் என்று கூறி விடுவித்துவிட்டனர்.

1944இல் நியூயார்க்கில் ஆலன் கின்ஸ்பர்க், வில்லியம் பரோஸ் ஆகியோரின் நட்புக் கிடைத்தது. அதே ஆண்டு அக்குழுவைச் சேர்ந்த லூசியன் கார் ஒருவரைக் கொன்றுவிட, செய்தியை அறிந்தும் சொல்லாமலிருந்த கெரோவாக் காவலில் வைக்கப்பட்டார். பிணையில் வெளிவரப் பணம் வேண்டும். தந்தை தர மறுத்தார். காதலி ஈடி பார்க்கரைக் காவலில் இருந்தபடியே மணந்து, அவர் வீட்டார் பணத்தில் வெளியே வந்தார். அந்த மணம் நிலைக்கவில்லை. 1946இல் தந்தை புற்றுநோயால் இறக்கும்போது, தாயைக் கைவிடக் கூடாது என்று மகனிடம் வாக்குப் பெற்றார். அவ்வாக்கை மட்டும் அவர் இறுதி வரை காப்பாற்றினார்.

அந்நாளைய அமெரிக்காவைச் சற்று எண்ணிப் பாருங்கள். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடனுக்கு உறுதியும் தந்தது. நகரங்களைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கார். 1949இல் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டை வெடித்துக் காட்டியது, அச்சம் பிறந்தது, அயலான், மாற்றுக் கருத்தினன் எல்லோரும் ஐயத்துக்கு உரியவர் ஆயினர். இந்த வளமும் அச்சமும் கலந்த நாட்டில், வீடும் வேலையும் வேண்டாதவராய் ஊர் ஊராக அலைந்தோர் சிலர் இருந்தனர். டென்வர் நகரின் சீர்திருத்தப் பள்ளிகளில் வளர்ந்த, கார் திருடிப் பழகிய நீல் காசடி அவர்களில் ஒருவர். 1946இன் முடிவில் அவரைக் கெரோவாக் சந்தித்தார். 1947 முதல் 1950 வரை தனியாகவும் காசடியோடும் நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் கடந்தார், மெக்சிகோவுக்கும் சென்றார். பணம் தீர்ந்தபோதெல்லாம் தாயின் வீட்டுக்குத் திரும்பினார். மகன் எழுதுவதற்காகக் காலணித் தொழிற்சாலையில் தோல் சீவிக்கொண்டிருந்தார் அந்தத் தாய். சுதந்திரப் பயணம் என்று போற்றுவோர் இச்செலவுக் கணக்கைப் பார்ப்பதில்லை.

முதல் நாவலான 'ஊரும் நகரமும்' 1950இல் வந்தது. உல்பின் பாணியில் எழுதிய நூல், விற்பனை இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் காசடியிடமிருந்து ஏறத்தாழ 16,000 சொற்கள் கொண்ட ஒரே கடிதம் வந்தது. நிறுத்தற்குறிகளைப் பொருட்படுத்தாமல், பேச்சு ஓடுவது போல ஓடிய கடிதம். எழுத்து இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கெரோவாக் கண்டுகொண்டார். சார்லி பார்க்கர் போன்ற கறுப்பின இசைவாணர்கள் வளர்த்த 'பீபாப்' ஜாஸ் முன்னமே அவர் காதில் இருந்தது. ஊதுகுழலில் மூச்சு உள்ளவரை ஒரு தொடரை நீட்டி, மூச்சு முடியும் இடத்தில் நிறுத்தும் முறையை உரைநடைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு செய்தி. இது நெடுங்காலம் பலருக்குத் தெரியாது. 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் மூன்று வாரங்களில் அந்தப் பெருநாவலைத் தட்டெழுத்தில் அடித்தார் அல்லவா? அதற்குச் சற்று முன், பிப்ரவரி மார்ச்சு மாதங்களில், அவர் ஒரு கதையைப் பிரெஞ்சில் எழுதினார். லோவல் தெருக்களில் பேசிய அதே பிரெஞ்சு. எழுத்திலக்கணம் இல்லாத, காதால் கேட்டபடி எழுதிய மொழி. தாய்மொழியில் முதலில் வாயைத் திறந்த பிறகே ஆங்கிலத்தில் அவருக்குத் தடையற்ற குரல் வந்தது என்று நான் கருதுகிறேன். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று வாழும் நம் மன்றத்து நண்பர்களுக்கு இது விளங்காமல் போகாது. ஆனால் நாவலைப் பாருங்கள்: கதை சொல்பவன் இத்தாலியப் பெயருடையவன், தாய் அத்தையாக மாற்றப்பட்டிருக்கிறார், பிரெஞ்சு வீடு மறைந்தே போயிற்று! அப்பிரெஞ்சு எழுத்துகள் 2016இல்தான் கானடாவில் நூலாயின.

அவர் தட்டெழுத்து அடித்த தாள் 120 அடி நீளம். தாள் மாற்றும் நேரம்கூடச் சிந்தனையை அறுக்கக் கூடாது என்று மெல்லிய தாள்களை ஒட்டி ஒரே சுருளாக்கிக்கொண்டார். ஒரே மூச்சில் பிறந்து திருத்தமே காணாத நூல் என்ற கதை இதனால் பரவியது. அது கட்டுக்கதை. பல ஆண்டுக் குறிப்பேடுகள் அதற்கு முன்னே இருந்தன. ஆறு ஆண்டுத் திருத்தங்கள் அதற்குப் பின்னே வந்தன. வழக்குக்கு அஞ்சிப் பெயர்கள் மாறின. 1957 செப்டம்பர் 5ஆம் நாள் வைக்கிங் பதிப்பகம் 'ஆன் தி ரோடு' என்னும் அந்நூலை வெளியிட்டது. வழக்கமான மதிப்புரையாளர் விடுமுறையில் இருந்தமையால் கில்பர்ட் மில்ஸ்டீன் என்பவர் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதினார், வானளாவப் புகழ்ந்தார். ஒரே நாளில் கெரோவாக் புகழடைந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956இல்தான் 41,000 மைல் பெருஞ்சாலைகள் அமைக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. வழிப்போக்கனைக் கைகாட்டி ஏற்றிச் செல்லும் பழைய இருவழிச் சாலைகளின் காலம் முடிந்துகொண்டிருந்தபோது, அச்சாலைகளைப் பாடிய நூல் வெளிவந்தது. அலையத் துடித்த இளைஞர் படித்தது ஏற்கெனவே மறையத் தொடங்கிய ஒரு நாட்டை.

பின் நடந்தது புகழின் கூத்து. 1957 அக்டோபரில் சோவியத்தின் ஸ்புட்னிக் வானில் பறந்தது. 'பீட்' என்ற சொல்லோடு அந்த 'நிக்' விகுதியை ஒட்டி, 1958இல் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகையாளர் ஹெர்ப் கேன் 'பீட்னிக்' என்று கேலிப்பெயர் சூட்டினார். களைத்து நொந்தவன் என்ற தெருவழக்குப் பொருளோடு அருள் நிலை என்ற பொருளையும் அச்சொல்லில் காண விரும்பியவர் கெரோவாக். நாடோ தாடியும் கறுப்புச் சட்டையும் கண்டு சிரித்தது. தொலைக்காட்சித் தொடர்களில் பீட்னிக் ஒரு கோமாளி ஆனான். அவர் எழுதிய 'சப்டெரேனியன்ஸ்' நாவலின் நாயகி கறுப்பினப் பெண், 1960இல் எம்.ஜி.எம். நிறுவனம் படமெடுத்தபோது அவளைப் பிரெஞ்சு வெள்ளைக்காரியாக்கிவிட்டது! பண்பாட்டை விற்போரின் துணிவை இதைவிட என்ன சொல்ல?

எனினும் அவரைக் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்பர், மெக்சிகோவினர் ஆகியோரின் வறுமையை இன்ப வாழ்வாகக் கண்ட கண் அவருடையது. பெண்கள் அவர் நூல்களில் வழித்துணைகளே. 1952இல் பிறந்த மகள் ஜேனைத் தம் பிள்ளை அன்று என்று மறுத்தார். மகள் அவரை நேரில் கண்டது இரண்டு முறைதான். பயணத்தைப் புகழும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1954இல் காசடியின் வீட்டில் தங்கியிருந்தபோது நூலகத்தில் பௌத்த நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. புத்தரின் வரலாறும் எழுதினார். 2008இல்தான் அது நூலாயிற்று. பௌத்தத் துறவை நாடும் இளைஞர் கதையான 'தர்ம பம்ஸ்' 1958இல் வந்தது. கின்ஸ்பர்க் 1962-63இல் காசியிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்து வங்கக் கவிஞர்களோடு பழகினார். கெரோவாக் இந்தியாவுக்கு வரவே இல்லை.

குடி அவரை அழித்தது. புகழைத் தாங்க மாட்டாத கூச்சம் குடியை வளர்த்தது. 1960இல் பிக் சர் கடற்கரைக் குடிசையில் நேர்ந்த மனமுறிவை 1962இல் நூலாக எழுதினார். தம் பேரால் கலகம் செய்த ஹிப்பிகளை அவர் வெறுத்தார். கத்தோலிக்க நம்பிக்கைக்கும் தாயின் சமையலறைக்கும் திரும்பினார். 1966இல் இளமை நண்பன் செபாஸ்தியனின் தமக்கை ஸ்டெல்லா சம்பாஸை மணந்தார். செபாஸ்தியன் 1944இல் இத்தாலிப் போர்முனையில் காயமுற்று மாண்டவன். 1968 பிப்ரவரியில் காசடி மெக்சிகோவில் இருப்புப் பாதை அருகே வீழ்ந்து இறந்தார். வுட்ஸ்டாக் இசை விழா நடந்து இரண்டு மாதங்கள் கழித்து, 1969 அக்டோபர் 21ஆம் நாள், புளோரிடாவில் ஈரல் கெட்டுக் குருதி கக்கிக் கெரோவாக் இறந்தார். வயது 47.

உடலை லோவலுக்குக் கொண்டுவந்தனர். சிறுவனாக இருந்தபோது அவர் பூசைக்கு உதவிய பிரெஞ்சு மாதாகோயிலில் இறுதிச் சடங்கு நடந்தது. கின்ஸ்பர்க் பெட்டியைச் சுமந்தார். எட்சன் கல்லறைத் தோட்டத்தில் புல்லோடு புல்லாகப் பதித்திருக்கும் சிறிய கல்லில், அவருடைய ஆங்கிலப் பெயருக்கு மேலே 'தி ழான்' என்று செதுக்கியிருக்கிறார்கள்.